ரிலீவர் சீக்கிரம் வந்த சாயங்காலம்

"பணி: தனிநபர் பாதுகாவலர். பாலினம்: ஆண். வயது: இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில். உயரம்: நூற்று எழுபத்தைந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல். ராணுவத்திலோ துணை ராணுவத்திலோ பணியாற்றியவர். ஆயுதமின்றித் தாக்குதலை முறியடிக்கப் பயிற்சி பெற்றவர். பாதுகாக்கப்படுபவருடன் தேவைக்கு மேல் பேசாதவர். எந்நிலையிலும் உணர்ச்சிவசப்படாதவர்."

கும்மிடிப்பூண்டியில் இருந்த ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி, வக்கீல் ஹெலனுக்குக் கொடுத்த தாளில் மேற்படி வீரர் இப்படி வர்ணிக்கப்பட்டிருந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து நின்றவள் ரத்னா. வயது முப்பத்தேழு. உயரம் ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. தொப்பி வைத்தால் சரியாகிவிடும். ராணுவத்தை அவள் பார்த்தது குடியரசு தினத்தன்று டிவியில். தேவைக்கு மேல் பேசாதவளா என்பதை அவளோடு கேட்டில் நின்றவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் முடிய மத்தியானம் ஆகிவிடும்.

ஏஜென்சியில் ஆறடி ஆட்களே இல்லை என்று சொன்னால் பாவம். நாலு பேர் இருந்தார்கள். ஆனால் அது வைகாசி மாதம். நாலு பேரும் கல்யாண மண்டபங்களில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பந்திக்கு யார் முந்துகிறார்கள் என்று கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். உயிருக்கு ஆபத்துள்ளவர்களைவிட மாப்பிள்ளைகளுக்குத்தான் உயரமான காவல் தேவைப்படுகிறது.

"ரெண்டு வாரம் சமாளி ரத்னா" என்றார் சூப்பர்வைசர் எபினேசர். "பகல் டூட்டிதான். காலைல ஆறு, சாயங்காலம் ஆறு. நைட்டுக்கு மணிகண்டன் வருவான்."

"ஆளை வெட்ட வர்றாங்கன்னா நான் இன்னா சார் பண்றது?"

"கூச்சல் போடு."

"அதுக்கு எங்க நாத்தனாரை அனுப்பு சார். அது என்னைவிட நல்லா போடும்."

காக்கப்பட வேண்டியவன் பெயர் குணாளன். ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் பயிர் வைக்கிற குடும்பத்தில் பிறந்து, படித்து, சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியின் லேபில் கெமிஸ்ட் ஆனவன். நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவன் வேலைகளில் ஒன்று. ஒரு நாள் அவன் பார்ப்பதற்கு முன்பே லேபர் கான்ட்ராக்டர் அன்புராஜ் இரண்டு பேரை உள்ளே இறக்கிவிட்டார். இரண்டு பேரும் திரும்ப ஏறவில்லை. டெஸ்ட் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அன்புராஜ். குணாளன் சொல்ல மறுத்தான். இப்போது எடுக்கவில்லை என்பதைப் பொன்னேரி கோர்ட்டில் ஏறிச் சொல்ல வேண்டும். செத்தவர்களின் குடும்பத்துக்காக வழக்கு நடத்திய ஹெலன், அவன் கோர்ட்டுக்குப் போய்ச் சேரும்வரை உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்தாள். அதற்கப்புறம் இருந்தாலும் நல்லதுதான்.

இந்தக் காவல் விஷயத்தில் ரத்னாவுக்கு முன்னனுபவம் கொஞ்சம் இருந்தது, படித்த அனுபவம். முன்பு தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியின் பெண்கள் கேட்டில் நின்றவள் அவள். வேலைக்குப் போகிற பெண்கள் போனையும் புத்தகத்தையும் கேட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பிரேமா என்கிற பெண் நாள் தவறாமல் ஒரு மாத நாவல் வைப்பாள், எல்லாம் ஒரே ரகம். பணக்காரர் மகளுக்குக் கொலை மிரட்டல்; காவலுக்கு வருகிறான் ஆறடி உயர முன்னாள் கமாண்டோ; நாற்பதாம் பக்கத்தில் துப்பாக்கிச் சூடு; அறுபதாம் பக்கத்தில் தலை குளித்துவிட்டு வருகிறவளைப் பார்த்து அவனுக்கு நெஞ்சு குலுங்கும். அதற்குள் ஷிப்ட் முடிந்து பிரேமா புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அதனால் ரத்னாவுக்குத் தெரிந்ததெல்லாம் நெஞ்சு குலுங்குகிற வரைதான். மிச்சத்தைப் பற்றி அவளுக்கு ஆவல் இருந்தது என்றும் சொல்ல முடியாது. அவள் கேள்வி வேறு.

"ஏன் பிரேமா, காலையிலேர்ந்து அவ ரூம் வாசல்லயே நிக்கிறானே, இந்த ஆளு ஒன்னுக்கே போக மாட்டானா?"

"அக்கா, அதெல்லாம் கதைல எழுத மாட்டாங்க."

"அப்ப எழுதுனவன் ஒரு நாள் கேட்டுல நின்னது இல்ல."

பெண் காவலர்களுக்கு அதுதான் உத்தியோகத்தின் மையப் பிரச்சனை. கொள்ளைக்காரனைச் சமாளித்துவிடலாம். கழிவறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க முடியாது.

குணாளன் வீடு சிமெண்ட் கோடவுனுக்கு மேலே, ரோட்டிலிருந்து ஏறும் ஒற்றை மாடிப்படியோடு இருந்தது. படியின் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுதான் போஸ்ட். முதல் நாள் மத்தியானம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு ரத்னா மேலே போய்க் கேட்டாள். தனியாள் குடியிருக்கிற வீடு. பாத்ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்தபடி காரியத்தை முடித்துக்கொண்டு இறங்கினாள். மறுநாள் காலை போனபோது கதவில் தாழ்ப்பாள் இருந்தது. புதிதில்லை, பெயிண்ட் அடித்த பழையது. வெளியே வரும்போதுதான் கவனித்தாள்: படுக்கையறைக் கதவில் நாலு ஸ்க்ரூ ஓட்டைகள் வெறுமையாக இருந்தன. வெட்டிவிடுவார்கள் என்று பயந்து கிடக்கிற மனுஷன் தன் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றி இங்கே மாட்டியிருக்கிறான். படியில் இறங்கும்போது கால் ஒரு படியைத் தவறவிட்டது. நாவலில் அறுபதாம் பக்கத்தில் நடக்க வேண்டியது இரண்டாம் நாளே நடந்துவிட்டது. தலை குளித்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

அதன்பிறகு அவளுக்கு நிம்மதி போயிற்று. அவனுக்கு முதலிலிருந்தே இல்லை. வீட்டுக்குள் அவன் நடந்துகொண்டே இருந்தான். ஜன்னலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து ஜன்னல். கீழே உட்கார்ந்திருக்கிற ரத்னாவுக்குத் தலைக்கு மேலே அந்த நடை கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டால் எரிச்சல், ஐந்து நிமிஷம் கேட்காவிட்டால் பயம்.

"சார், கொஞ்சம் உக்காரேன்! தலைக்கு மேல யானை கட்டுன மாதிரி கீது!"

"உட்கார்ந்தா யோசனை வருதும்மா."

"நடந்தா?"

"நடந்தாலும் வருது. ஆனா காலும் வலிக்குது. கவனம் கொஞ்சம் அங்க போகுது."

மூன்றாம் நாளிலிருந்து பழம் வர ஆரம்பித்தது. அன்புராஜின் ஆள் ஒருத்தன் தினம் பைக்கில் வந்து, ஆப்பிள் பையை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அண்ணன் நலம் விசாரிச்சாருன்னு சார் கிட்ட சொல்லுங்க" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவான். திட்டில்லை, கத்தியில்லை, ஆள் சிரிப்பதுகூட நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சிரிப்புதான் ரத்னாவுக்குப் பிடிக்கவில்லை. பழத்தைத் தெருவில் மேய்கிற ஒரு ஆட்டுக்குப் போட்டாள். ஆடு மறுநாளும் நலமாக வந்து நின்றது. இரண்டாம் நாள் இன்னும் நலமாக வந்தது. விஷம் இல்லை என்பதில் அவளுக்கு ஆறுதல் ஏற்பட்டிருக்க வேண்டும். ஏற்படவில்லை. விஷம் வைத்திருந்தால் இவ்வளவுதான் என்று தெரிந்துபோயிருக்கும்.

புதன்கிழமை வந்தது. விடிந்தால் கோர்ட். அன்று பழம் வரவில்லை. காலையிலிருந்து ரத்னா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்பு லாரிகள் போயின, கம்பெனி பஸ்கள் போயின, தெருமுனை டீக்கடையில் யாரோ இரண்டு பேர் ஒரே டீயை ஒரு மணி நேரம் குடித்தார்கள். மேலே குணாளன் ஜன்னலுக்கும் சமையலறைக்கும் இடையே திருத்தணிவரை நடந்திருப்பான். மத்தியானம் இறங்கி வந்து கிண்ணத்தில் உப்புமா கொடுத்தான்.

"எங்க நைனா போன் பண்ணாரு. சாட்சியும் வேணாம் ஒன்னும் வேணாம், ஊருக்கு வந்துடுங்கறாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நாளைக்குச் சாயங்காலம் வர்றேன்னு சொன்னேன்." படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினான். "வருவேன் இல்ல?"

"துன்னு சார் முதல்ல" என்றாள் ரத்னா. அவன் கொடுத்த உப்புமாவை அவனுக்கே நீட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

ஐந்தே முக்காலுக்கு ரிலீவர் வந்தான்.

செக்யூரிட்டி உத்தியோகத்தில் இரண்டே சட்டங்கள். ரிலீவர், அதாவது அடுத்த டூட்டிக்காரன், வராமல் போஸ்ட்டை விட்டுப் போகக் கூடாது. ரிலீவர் வந்தபிறகு போஸ்ட்டில் நிற்கக் கூடாது. முதல் சட்டத்தால் பெண்டாட்டி பிள்ளைகள் முகம் மறந்துபோனவர்கள் உண்டு. ஏனென்றால் ரிலீவர் என்பவன் தாமதமாக வருகிறவன். மணிகண்டன் ஒரு நாளும் ஆறரைக்கு முன்னால் வந்ததில்லை. ட்ரெயின் லேட்டு, வண்டி பஞ்சர், மாமியாருக்குச் சுகர். இன்றைக்கு வந்து நின்றவனோ மணிகண்டன் இல்லை. ஆறடி இருந்தான். தோளில் சட்டை இறுகியிருந்தது. ஏஜென்சி யூனிபாரம், பாலிஷ் போட்ட ஷூ, நேராக வைத்த தொப்பி. ஹெலனுக்குக் கொடுத்த தாளில் இருந்த ஆள் கடைசியில் வந்தேவிட்டான்.

"வணக்கம்க்கா. மணிகண்டனுக்கு உடம்பு சரியில்ல. எபினேசர் சார் என்னை அனுப்பினாரு. நீங்க கிளம்பலாம்."

"வண்டியிலயா வந்த தம்பி?"

"ஆமாக்கா."

"டீ குடிச்சியா?"

"வேணாங்க்கா. டூட்டி நேரத்துல எதுவும் சாப்பிட மாட்டேன்."

ரத்னா அவனை இன்னொரு முறை பார்த்தாள். கால் மணி நேரம் முன்னாலேயே வந்திருக்கிறான். டீ வேண்டாம் என்கிறான். நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன் சார்ஜ் போட பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. பாத்ரூம் எங்கே என்று கேட்கவில்லை. எபினேசரைத் திட்டவில்லை. இவன் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். செக்யூரிட்டியாக இருக்க முடியாது.

எபினேசருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. முகூர்த்த நாள், சார் மண்டபத்தில் இருப்பார்.

"எடுக்க மாட்டாருக்கா. பிஸி" என்றான் அவன், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு ஆப்பிள் கொண்டுவருகிறவன் சிரிப்புக்கு உறவு மாதிரி இருந்தது.

"சரி தம்பி. நீ நாற்காலில குந்து. சாரண்ட சொல்லிட்டு, சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கினு வரேன்."

படியில் நிதானமாக ஏறினாள். பின்னால் அவன் ஏறி வருகிற சத்தம் இல்லை. அவள் கிளம்பிப் போகக் காத்திருக்கிறான். ஏஜென்சிப் பெண்ணைத் தொட்டால் இரண்டு கேஸ் ஆகும் என்று தெரிந்தவன்போல. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"சார், சட்டையை எடு."

"எந்தச் சட்டை?"

"கோர்ட்டுக்குப் போட்டுக்கிறது."

"அது இன்னும் அயர்ன் பண்ணலையே."

"உயிரோட போய்ச் சேரு சார், சுருக்கத்தை யாரும் பாக்க மாட்டாங்க. கீழ வந்து நிக்கிறவன் நம்ம ஆளு இல்ல."

குணாளன் எப்படித் தெரியும் என்று கேட்டான். சீக்கிரம் வந்துட்டான் என்றாள். அது ஒரு காரணமா என்று அவன் கேட்கவில்லை. லேபில் இருந்தவனுக்குத் தெரியும்: நிறம் ஒரு துளி மாறினாலும் மாறியதுதான். சட்டையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டான்.

ஹெலன் சென்னையில் இருந்தாள். ரத்னா போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நான் போலீஸுக்குச் சொல்றேன். அவங்க வர்ற வரைக்கும் அங்க நிக்காதீங்க. பத்திரமான இடம் ஏதாச்சும் தெரியுமா?" என்றாள்.

"ஒன்னு கீது மேடம்" என்றாள் ரத்னா. "ஆனா அங்க எங்க நாத்தனாரு கீது."

பின்பக்கம் மொட்டை மாடி. அதை ஒட்டி அடுத்த வீட்டு மொட்டை மாடி. நடுவில் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். ரத்னா தாண்டினாள். குணாளன் தாண்டும்போது பேண்ட் ஓரிடத்தில் கிழிந்தது, ஆனால் சத்தம் போடவில்லை. அந்த வீட்டுப் படி இறங்கினால் பிளவுஸ் தைக்கிற கடை. கடைக்காரியிடம், "அக்கா, ஒரு நைட்டி குடு, நாளைக்குத் தரேன்" என்றாள் ரத்னா. யூனிபாரத்துக்கு மேலே நைட்டியை மாட்டிக்கொண்டு, தோளில் ஒரு துண்டையும் போட்டுக்கொண்டாள். நைட்டிமேல் துண்டு போட்ட பெண்ணை அந்தத் தாலுகாவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளைவிடத் திறமையாக மறைந்துகொண்டவர்கள் கமாண்டோக்களில் இருக்கலாம், பந்தயம் கட்ட முடியாது.

ஆறு மணி ஷிப்ட் விட்டிருந்தது. ஸ்டேஷன் ரோடு முழுக்க யூனிபாரம், டிபன் பை, இந்தி, தெலுங்கு, வேர்வை. அந்த வெள்ளத்தில் இருவரும் இறங்கினார்கள். "முன்னாடி போ சார். திரும்பிப் பாக்காத" என்றாள். அவன் மூன்று முறை திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அவள் முறைத்தாள். மூன்றாவது முறை, "ரோட்டைப் பாக்கல, நீ வர்றியான்னு பாத்தேன்" என்றான். அவள் தோள் துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். சென்ட்ரல் ட்ரெயின் வந்தது. நிற்கிற கூட்டத்தில் நின்றபடி பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காடு பஸ். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏறுகிறவர்கள் கால்களில் பாலிஷ் போட்ட ஷூ இருக்கிறதா என்று அவள் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

ரத்னாவின் ஊரான ஏரியோரக் குப்பத்தில் இறங்கும்போது வீடுகளில் சோறு வடிக்கிற நேரம். ரத்னாவின் புருஷன் துலுக்காணம், மங்களூர்ப் பக்கம் விசைப்படகுக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அவன் அக்கா குப்பம்மாள் தம்பியை விட்டுவிட்டு, தம்பி பெண்டாட்டியோடு தங்கிவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள். வாசலில் நைட்டியும் யூனிபாரமுமாக ரத்னா, பின்னால் கிழிந்த பேண்டோடு ஒரு ஆம்பளை. குப்பம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாருடி இது?"

"டூட்டி."

"டூட்டிக்கு மீசையெல்லாம் கீது."

"அண்ணி, சும்மா கத்தாத. சாரை வெட்டுறதுக்கு ஆளு தேடிக்கினு கீறாங்க. காலைல கோர்ட்டுல உட்டுட்டா முடிஞ்சுது."

குப்பம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "வெட்டுறதுக்கு இதுல இன்னா கீது? எலும்புதான் கீது" என்று சொல்லிவிட்டு இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள். இறால் தொக்கு. குணாளன் மீன் வகையில் ஏரிக் கெண்டையைத் தவிர எதையும் தின்றறியாதவன். அன்று இரண்டு முறை சோறு வாங்கினான்.

மூன்றாவது கவளத்துக்குள் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒருத்தி உப்பு கேட்டு வந்தாள். ஒருத்தி எப்போதோ வாங்கிய உப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். ஒரு கிழவர் எதுவும் கேட்காமல் நேராக வந்து உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் ஊர்த் தலைவர் வீரராகவன் இரண்டு பஞ்சாயத்தாரோடு வந்தார். அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். வெளியூர் ஆள் யாராயிருந்தாலும் ராத்திரி தங்கலாம். ஆனால் இவனுக்கு நான் பொறுப்பு என்று ஊர்க்காரர் ஒருத்தர் பஞ்சாயத்து முன்னால் சொல்ல வேண்டும். அவன் திருடினால், குடித்துவிட்டு விழுந்தால், படகை அவிழ்த்தால், கேள்வி பொறுப்பேற்றவரிடம்தான். புருஷன் இல்லாத வீட்டில் ஆம்பளை தங்குவதற்குப் பொறுப்பேற்ற பெண் அதுவரை யாரும் இல்லை.

"யாரும்மா இவரு?" என்றார் வீரராகவன்.

"சாட்சி, தலைவரே. சிப்காட்ல தொட்டில எறங்கி ரெண்டு பேரு செத்தாங்களே, அதுக்கு."

வாசலில் சத்தம் குறைந்தது. அந்த ஊரிலிருந்தும் கம்பெனிக் கூலிக்குப் போகிறவர்கள் உண்டு.

"இன்னா சொல்லப் போறாரு?"

குணாளன் எழுந்து நின்றான். கையில் சோறு காய்ந்திருந்தது. "டெஸ்ட் எடுக்கலைன்னு சொல்லப் போறேங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

"யாரு பொறுப்பு?" என்றார் வீரராகவன்.

ரத்னாவின் டூட்டி ஆறு மணிக்கு முடிந்துவிட்டது. எபினேசர் இன்னும் போன் எடுக்கவில்லை. இவனை இங்கே கூட்டிவரும்படி எந்தத் தாளும் சொல்லவில்லை. நாளைக்குப் பொன்னேரி மார்க்கெட்டில் எந்தக் கூடைக்காரி எந்தக் கூடைக்காரியிடம் என்ன சொல்லுவாள் என்பதும் அவளுக்குத் தெரியும். குப்பம்மாளைப் பார்த்தாள். குப்பம்மாள் கூரையைப் பார்த்தாள்.

"என் பொறுப்பு" என்றாள் ரத்னா. பழக்க தோஷத்தில் கேட்டில் கத்துகிற குரலில் சொல்லிவிட்டாள், தெருக்கோடிவரை கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ஊர் முனையில் இரண்டு பைக்குகள் வந்து நின்றன. ரத்னாவின் ஊரை விசாரித்துக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது. முனையில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அந்த ஊரில் யாரும் வலை பிரிப்பதில்லை. குணாளன்னு ஒரு கெமிஸ்ட், என்று ஆரம்பித்தான் முன்னால் இருந்தவன்.

"நீங்க யாரு ஊட்டுக்கு வந்தீங்க?" என்றார் வலைக்காரர் ஒருவர்.

"யாரு ஊட்டுக்கும் இல்ல, சும்மா..."

"சும்மான்னா? உங்களுக்கு இங்க யாரு பொறுப்பு?"

முன்னால் இருந்தவன் பின்னால் இருந்தவனைத் திரும்பிப் பார்த்தான். வலைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். எழுந்து நின்றதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. பைக்குகள் திரும்பிப் போன சத்தம் ஏரிமேல் நெடுநேரம் கேட்டது. அன்று ராத்திரி அந்தக் குப்பத்தில் நிம்மதியாகத் தூங்கியவன் குணாளன் ஒருத்தன்தான். ரத்னா வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நடை சத்தம் கேட்காதது அவளை என்னவோ செய்தது. இரண்டு முறை எழுந்து போய் மூச்சு விடுகிறானா என்று பார்த்துவிட்டு வந்தாள். இரண்டாவது முறை, "மூச்சு வருது, வந்து படுடி" என்றாள் குப்பம்மாள், கண்ணைத் திறக்காமல்.

காலை முதல் பஸ்ஸில் மீன்கூடைக்காரிகளுக்கு நடுவே அவனை உட்கார வைத்துக் கூட்டிப்போனாள். கோர்ட்டுச் சட்டையை அவன் போட்டிருந்தான். சுருக்கம் இருந்தது, இறால் வாசனையும் இருந்தது.

"ஒரு சந்தேகம்" என்றான் குணாளன், மெதுவாக. "நேத்து உன் டூட்டி ஆறு மணிக்கே முடிஞ்சிடுச்சு இல்ல?"

"ஆமா."

"அப்ப இது என்ன?"

"வாயை மூடிக்கினு குந்து" என்றாள். சொன்ன பிறகுதான் அந்த வாக்கியத்தில் சார் இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது. பக்கத்துக் கூடைக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

பொன்னேரியில் ஹெலன் காத்திருந்தாள். போலீஸ்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். வராந்தாவில் அன்புராஜ் வெள்ளைச் சட்டையோடு நின்றார். குணாளனைப் பார்த்ததும் கும்பிட்டார், நலம் விசாரிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். குணாளன் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டான். டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்டார்கள். எடுக்கவில்லை என்றான். எடுக்கும் முன் ஆளை இறக்கியது யார் என்று கேட்டார்கள். சொன்னான்.

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போது வெளியே ரத்னாவின் போன் அடித்தது. எபினேசர்.

"போஸ்ட்டை விட்டு ஓடிட்டியாமே ரத்னா!"

"சார், நேத்து நீ யாரையாச்சும் அனுப்பினியா?"

"நான் யாரையும் அனுப்பல. மணிகண்டன் ஆறரைக்கு வந்திருக்கான். யாரோ ஒரு ஆளு நம்ம யூனிபாரத்துல நின்னுக்கினு இருந்தானாம், இவனைப் பாத்ததும் கிளம்பிட்டானாம். உன்னைக் காணோம். ஹேண்ட் ஓவர் பண்ணாம போயிருக்க. ரூல் ரூல்தான். யூனிபாரத்தை ஆபீஸ்ல குடுத்துடு."

அனுப்பப்படாத ஒருவனிடம் பொறுப்பை ஒப்படைக்காத குற்றத்துக்காக அவள் வேலை அன்றோடு போயிற்று.

குறுக்கு விசாரணைக்கு வாய்தா போட்டார்கள். அடுத்த தேதியில் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த தேதியில் நீதிபதி லீவு. அதற்கடுத்ததில் இருவரும் வந்தார்கள், நேரம் போதவில்லை. நடுவில் குணாளன் ஆர்.கே.பேட்டைக்குப் போய் நைனாவிடம் ரத்னாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட்டு வந்தான். நைனா ஒரு மாதம் பேசவில்லை, பிறகு பேசினார். ரத்னாவும் அதையே குப்பம்மாளிடம் சொன்னாள். எனக்கு அன்னைக்கே தெரியும், தட்டு எடுத்து வெச்சவ நானு, என்றாள் அவள். ஊரில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அன்புராஜின் ஆட்களும் வராந்தாவில் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

யூனிபாரமும் சம்பளமும் இல்லாமல் ரத்னா ஒவ்வொரு வாய்தாவுக்கும் குணாளனோடு பொன்னேரிக்குப் போனாள். அவன் சாட்சி சொல்லி முடிக்கிற நாள்வரை கோர்ட்டு வாசலில் நின்றாள்.